மைக்கல்லும் மலைக்கல்லும்: சீன அறிஞரின் வீட்டு மேசையில் சொந்தப் பொருள்கள் இடம்பெற்ற வரலாறு

வீட்டில் எழுதும் மேசையின்மேல், எழுதுவதற்குத் தேவைப்படாத ஒரு பொருளைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் காணப்படுவதே. எனினும் அவ்வழக்கம் தோன்றியதையும், நூல்வழி இலக்கணம் பெற்றதையும், அரண்மனைச் சேகரிப்பாக மாறியதையும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் காலத்துக்குத் தொடர்ந்து காட்டும் சான்றுகள் சீனத்தில் கிடைக்கின்றன. அங்கு 'வென்ஃபாங்' என்று வழங்கிய எழுத்தறை, அரசு அலுவலரின் வீட்டில், அவர் அலுவலை விட்டு வந்து அமரும் இடமாக இருந்தது. இவ்வறையின் மேசைக்குச் சொந்தப் பொருள்கள் முதலில் அலங்காரமாகவே வந்தன என்று கருதுவது எளிது. ஆனால் சான்றுகள் வேறு வரிசையைக் காட்டுகின்றன. அங்கே முதலில் எழுதுகருவியே உடையவரோடு ஒட்டிய பொருளாயிற்று. பயனற்றதாகத் தோன்றும் கல் அதன் பின்னாலேயே வந்தது.

இவ்வரலாற்றுக்கு முன்நிபந்தனையாக அமைந்தது அறைகலன்களில் நேர்ந்த மாற்றமாகும். தாங் காலத்தில் (618–907) பாயில் அமர்ந்து தாழ்ந்த பலகையில் எழுதுவது பெருவழக்காக இருக்க, சோங் காலத்தில் (960–1279) உயர்ந்த நாற்காலியும் அதற்கேற்ற மேசையும் பரவின. அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கும் கைக்கும் நேராக ஒரு பரப்பு கிடைத்தது. அதே காலத்தின் தொடக்கத்தில், 986இல், சூ யிஜியான் என்னும் அலுவலர் தூரிகை, மைக்கல், மைக்கட்டி, தாள் ஆகிய நான்கைப் பற்றியும் தனி நூல் ஒன்று தொகுத்தார். 'எழுத்தறையின் நான்கு செல்வங்கள்' என்று பிற்காலத்தார் போற்றியவை இவையே. விளக்குப் புகையின் கரியையோ பைன் மரப் புகையின் கரியையோ விலங்குப் பசையோடு பிசைந்து உலர்த்தியது மைக்கட்டி. அதைச் சிறிது நீர் விட்டு, சந்தனம் இழைப்பதுபோல, உரைத்து மை எடுக்கும் கல்லே மைக்கல்.

இந்நான்கனுள் மூன்று, பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகின்றவை. தூரிகை மயிர் தேய்கிறது, மைக்கட்டி கரைகிறது, தாள் செலவாகிறது. மைக்கல் ஒன்றுதான் உடையவர் மறைந்த பின்னும் எஞ்சுகிறது. மனப்பற்று இக்கல்லின்மேல் படிந்ததற்கு இந்த எளிய உண்மையே முதற்காரணம் எனலாம். உடையவர்கள் கல்லின் அடியிலும் பக்கங்களிலும் சிறு வாசகங்களைப் பொறித்தனர். கல் கைமாறும்போது புதியவர் பழைய வாசகத்தின் அருகே தம் வாசகத்தையும் சேர்த்தார். அடிப்பக்கத்து எழுத்து, மேசைமேல் கல் இருக்கும்வரை எவர் கண்ணிலும் படாது என்பது கருதத்தக்கது. காட்சிக்கு வைத்த பொருளாயின் எழுத்து மேலே இருந்திருக்கும்.

குவாங்டாங் பகுதியின் துவான் கல்லும், இன்றைய ஜியாங்ஷீயில் எடுக்கப்பட்ட ஷெ கல்லும் மைக்கல்லுக்குப் பேர்பெற்றவை. ஷெ கல்லை ஆதரித்தவர்களுள் தெற்குத் தாங் அரசின் இறுதி மன்னரும் கவிஞருமான லீ யூ குறிப்பிடத்தக்கவர். 975இல் அவரது அரசு சோங் படையிடம் வீழ்ந்தது; அவருடையதாகச் சொல்லப்பட்ட ஒரு பொருள் பின்னர் ஓவியரும் எழுத்துக்கலைஞருமான மீ ஃபூவிடம் (1051–1107) வந்து சேர்ந்தது. அது 'யென்ஷான்', அதாவது மைக்கல்மலை: விரலளவேயான 36 சிகரங்கள் எழ, நடுவே மை உரைக்க இடம்விட்ட கல் என்று சோங் காலக் குறிப்பொன்று கூறுகிறது. மைக்கற்களைப் பற்றித் தனி நூல் எழுதியவரும், விந்தையான பாறை ஒன்றை வணங்கி அண்ணன் என்று அழைத்தார் எனப் பேர்பெற்றவருமான மீ ஃபூ, வீடு கட்டும் மனைக்காக அந்த மலையைக் கைமாற்றிக் கொடுத்தார் என அக்குறிப்பு தொடர்கிறது. ஒரு மனைக்கு ஈடாக ஒரு மேசைக்கல் மதிக்கப்பட்டது என்பதோடு, கருவிக்கும் பயனற்ற கல்லுக்கும் இடையே இருந்த எல்லை இங்கேதான் கரையத் தொடங்கியது என்பதும் நோக்கத்தக்கது. மைக்கல்மலை பாதி கருவி, பாதி மலை. பின்வந்த காலத்தில் அதில் மை உரைப்பது நின்றது. மலை மட்டும் மேசையில் தங்கிற்று.

அந்த மாற்றத்தை அகவாழ்வின் பக்கமிருந்து காட்டுபவர் சூ ஷி (1037–1101). கவிதையில் அரசைப் பழித்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில், அதிகாரமற்ற சிறு பதவியோடு 1080இல் யாங்சி ஆற்றங்கரை ஊரான ஹுவாங்ஜோவுக்கு அவர் அனுப்பப்பட்டார். ஆற்றில் குளிக்கும் சிறுவர்களுக்கு அழகிய கூழாங்கற்கள் கிடைப்பதைக் கண்டு, பலகாரம் கொடுத்துக் கற்களை வாங்கினார். நாளடைவில் 298 கற்கள் சேர்ந்தன என்று அவரே எண்ணிக்கையோடு எழுதியுள்ளார். சிறியவை இலந்தைக்கனி அளவு. ஒன்றில் புலிமுகம்போல வாயும் மூக்கும் கண்ணும் தெரிய, அதனை மற்றவற்றுக்குத் தலைமைக் கல்லாக வைத்தார். பழைய செம்புக் கலம் ஒன்றில் அவற்றை இட்டு நீர் வார்த்தபோது நிறங்கள் துலங்கின. பின்னர் அவற்றைத் துறவி ஃபோயினுக்குக் காணிக்கையாக அளித்தார். விலைபெறாத கற்களை ஒன்றுவிடாமல் எண்ணிவைத்த இச்செயலில், பதவியிழந்த மனிதர் தம் வீட்டுக்குள் தமக்கென்று ஓர் ஒழுங்கை அமைத்துக்கொண்டதைக் காணலாம். 1092இல் யாங்ஜோவில் அவருக்குக் கிடைத்த, பச்சையும் வெள்ளையுமான இரு கற்களின் கதை வேறு வகையானது: நண்பர் வாங் ஷென் அவற்றை இரவல் கேட்டபோது, போன கல் திரும்பாது என்று அஞ்சிய சூ ஷி, தாங் கால ஓவியர் ஹான் கான் தீட்டிய குதிரை ஓவியத்தை ஈடாகத் தந்தால் கொடுப்பதாகக் கவிதையிலேயே பதிலிறுத்தார்.

இதன்பின் நூல்கள் விரைந்து வந்தன. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தூ வான் 116 வகைக் கற்களை அவை கிடைக்கும் இடம், நிறம், தட்டினால் எழும் ஓசை ஆகியவற்றோடு விவரித்தார். 13ஆம் நூற்றாண்டில் ஜாவ் ஷீகூ தம் நூலில் மைக்கல், விந்தைக்கல், தூரிகைத் தாங்கி, நீர்ச்சொட்டி (மைக்கல்லில் துளித்துளியாக நீர் விடும் சிறு கலம்) ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பகுதி வகுத்தார். மைக்கல்லின் பின் நிறுத்தும் சிறு திரை முன்னோரிடம் இல்லை, சூ ஷியும் அவர் காலத்துக் கவிஞர் ஹுவாங் டிங்ஜியானும் தொடங்கியதே என்பது அவர் கருத்து. செம்புக் கலத்தில் நெடுநாள் தேங்கிய நீர் தூரிகை மயிரை நொறுங்கச் செய்யும் என்ற அவரது எச்சரிக்கை, இவ்வகை நூல்கள் வெறும் அழகுரைகளல்ல, நாள்தோறும் எழுதியவர்களின் அனுபவத்தில் விளைந்தவை என்பதற்குச் சான்று.

மிங் காலத்தின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. வெள்ளிப் புழக்கமும் வணிகமும் பெருகிய சூஜோ, ஹாங்ஜோ நகரங்களில் மேசைப் பொருள்கள் பட்டறைகளில் உருவாகிக் கடைக்கு வந்தன. ஷாங்காயின் பாவோஷான் பகுதியில் 1966இல் வெளிப்பட்ட மிங் காலக் கல்லறையில், மூங்கிலில் நுண்ணிதாகச் செதுக்கிய ஊதுவத்திக் குழலும் எழுத்தறைப் பொருள்களும் இறந்தவரோடு வைக்கப்பட்டிருந்தன. யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற நிலை வந்தபோதுதான், எதை வாங்குவது, எங்கே வைப்பது என்று கற்பிக்கும் நூல்களும் பெருகின. 1591இல் காவ் லியென் எழுதியது ஒன்று. 1620களைச் சார்ந்த வென் ஜென்ஹெங்கின் (1585–1645) 12 பகுதிகள் கொண்ட நூல் மற்றொன்று. பின்னதன் பெயர் 'மிகைப்பொருள்களின் நூல்' என்று பொருள்படும். தம்மிடமிருந்த ஒரே பாயையும் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு, தம்மிடம் மிகைப்பொருள் இல்லை என்று சொன்ன பழங்காலச் சான்றோர் ஒருவரின் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது.

பொருள்களை வைக்கும் இடத்தைக் கூறும் பகுதியில், மேசை அறையின் இடப்புறம் கிழக்கு நோக்கி இருக்கவேண்டும், காற்றும் வெயிலும் தாக்காதபடி சன்னலை ஒட்டாதிருக்கவேண்டும் என்கிறார் வென். அதன்மேல் பழைய மைக்கல் ஒன்று, தூரிகைக் குவளை ஒன்று, தூரிகை நுனியைச் சீர்செய்யும் தட்டு ஒன்று, நீர்க்கலம் ஒன்று, மைக்கல்மலை ஒன்று, அடிக்கோலும் தாளழுத்தியும் ஒவ்வொன்று, அவ்வளவே. மைக்கல்லை இடப்புறம் வைத்தால் மையின் பளபளப்பு கண்ணில் அடிக்காது, விளக்கொளியில் அது இன்னும் நல்லது என்று காரணமும் தருகிறார். இந்நூலைப் புதுப்பணக்காரரிடமிருந்து தம் குலத்தை வேறுபடுத்திக்கொள்ள எழுந்த சுவைச்செருக்கு என ஆய்வாளர் விளக்குவதில் உண்மை உண்டு. ஆயினும் கண்ணில் அடிக்கும் ஒளியைப் பற்றிய அவ்வரி, அந்த மேசையில் இரவுநேரத்தில் உண்மையாகவே எழுதியவரின் வரி. 1645இல் மஞ்சூப் படையிடம் சூஜோ வீழ்ந்தபின் வென் ஜென்ஹெங் உணவை மறுத்து உயிர்நீத்தார்.

மிங் அரசுக்குப்பின் ஆண்ட மஞ்சூ மரபான சிங்கின் பேரரசர் சியான்லோங் அரண்மனை மைக்கற்களுக்குப் படங்களோடு கூடிய பட்டியலை 1778இல் தொகுப்பித்தார். மேசையில் இருந்தவை அங்கே அடுக்குப்பேழைக்குள் சென்றன. அதைவிடப் பொருள்பொதிந்தது, ஃபூஜியானைச் சேர்ந்த ஹுவாங் ரென் (1683–1768) என்பவருக்கும் சூஜோவின் மைக்கல் செதுக்குநரான கூ அர்நியாங் என்னும் பெண்மணிக்கும் இடையிலான தொடர்பு. ஏறத்தாழ பத்தாண்டுகள் சட்டைக்கைக்குள் வைத்துத் திரிந்த துவான் கல்லை ஹுவாங் ரென் சூஜோவுக்குக் கொண்டுசென்றார். அதைக் கண்டு மகிழ்ந்த அவ்வம்மையார் மைக்கல்லாகச் செதுக்கித் தந்தார். அதற்கு நன்றியாக ஹுவாங் ரென் கவிதை எழுதினார். மாமனாரிடமிருந்து தொழில் கற்ற இப்பெண்மணியின் பெயர், தேர்வெழுத உரிமையே இல்லாத பெண்ணொருவரின் பெயர், அறிஞர்களின் மேசையில் நிலைத்தது.

1905இல் சிங் அரசு அலுவலர் தேர்வுமுறையை ஒழித்தது. தூரிகையால் நாள்தோறும் எழுதவேண்டிய கட்டாயம் அதோடு தளர, ஊற்றுப்பேனா பரவியது. மைக்கட்டியும் நீர்ச்சொட்டியும் எழுத்துக்கலை பயில்வோரிடம் ஒதுங்கின. வாங்கியபின் வேலை எதுவும் செய்யாதிருந்த சிறு மலைக்கல் மட்டும், செதுக்கிய மரத்தாங்கியின்மேல், பழைய இடத்திலேயே இன்னும் வைக்கப்படுகிறது.