ஒரு பிடி மண்ணில் எழுந்த குதிரை

ஆயர் ஈத்தாம் சந்தியில் பேருந்தை விட்டு இறங்கியவர்கள் அங்குள்ள மண்பாண்டக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பூச்சாடி, யானை, உண்டியல் என்று வண்ண வண்ணமாய் அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு மண் உருவம் நினைவுக்கு வரும். நம் பாட்டன் பூட்டன் ஊர்களில் கண்மாய்க் கரையில், வெட்டவெளியில், ஊரார் எல்லாரும் பார்க்க நிற்கும் ஐயனார் குதிரைதான் அது.

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை வட்டாரங்களில் இக்குதிரைகளை இன்றும் காணலாம். ஆளுயரக் குதிரை உண்டு; அதைவிடப் பெரியதும் உண்டு. இரவில் ஐயனார் அதன் மேலேறி ஊரைச் சுற்றிக் காவல் காப்பார் என்பது மக்கள் நம்பிக்கை.

குதிரையைச் செய்பவர் வேளார் எனப்படும் குயவர். பல கோயில்களில் பூசாரியும் அவரே. திருவிழா முடிவானதும் ஊரார் கூடி ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் கையில் கொடுப்பார்கள். இதற்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். வேலை அதிலிருந்துதான் தொடங்குகிறது. அவ்வூர்க் களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதிப்பார்கள். நான்கு கால்களும் உள்ளே கூடான குழல்கள். அவை காய்ந்து இறுகிய பிறகே வயிறு, அதன்பின் கழுத்து, தலை. அவசரப்பட்டால் ஈரக்கால் பாரம் தாங்காமல் சரிந்துவிடும். வைக்கோலும் வறட்டியும் மூட்டிச் சுட்டெடுத்து, வெள்ளை பூசி, அதன்மேல் காவி, மஞ்சள், நீலம் தீட்டுவார்கள். பிறகு ஊரே கூடித் தூக்கிச் செல்லும் புரவி எடுப்பு. அடுத்த விழாவுக்குப் புதிய குதிரை வரும். பழையதை யாரும் அகற்றுவதில்லை. அது வெயிலிலும் மழையிலும் வண்ணம் போய், உடைந்து, வந்த மண்ணிலேயே கலந்துவிடும்.

அந்தச் சீமைகளிலிருந்தும் நம்மவர் கப்பலேறினார்கள். கூலிகளை உதவி தந்து அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடை செய்யும்வரை அது நடந்தது. மரத்தடியில் கல்லும் சூலமும் நட்டு முனியாண்டியைக் குடிவைத்தார்கள், மதுரைவீரனையும் வைத்தார்கள். ஆனால் அவர்கள் ஏறும் குதிரையைப் பெரும்பாலும் சிமெண்டில் கட்டி எண்ணெய்ச் சாயம் பூசினார்கள். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. சிறுவயதில் நான் கும்பிட்டதும் சிமெண்டுக் குதிரையைத்தான்.

களிமண் கிடைக்காததா காரணம்? ஆயர் ஈத்தாமில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல வாய் வராது. வந்தவர்களில் பெரும்பாலோர் வயலில் உழைத்தவர்கள். பிடிமண்ணை வாங்கிக்கொள்ள வேளார் இல்லை என்பதே காரணம் என்று நான் கருதுகிறேன்.

இங்கே மண்ணைக் கையிலெடுத்தவர்கள் சீனக் குயவர்கள். மேட்டுச் சரிவில் பாம்பு படுத்ததுபோல் நீண்ட சூளை கட்டுவார்கள். டிராகன் சூளை என்பது அதன் பெயர். சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் 1940இல் கட்டிய தாவ் குவாங் சூளை இன்றும் நிற்கிறது. இத்தகைய சூளைகளில் என்ன சுட்டார்கள் தெரியுமா? ரப்பர்ப் பால் ஏந்தும் மங்கு! உட்புறம் வழவழப்பாக மெருகிட்டிருந்ததால் உறைந்த பால் எளிதாய் உரிந்து வரும். பள்ளி விட்டதும் அம்மாவோடு போய் மங்கு துடைத்த கைகள் நம்மில் எத்தனையோ.

எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலில், சிமெண்டுக் குதிரையின் காலடியில் திருநீறு வைத்திருந்ததும் விளிம்பு உடைந்த ஒரு மங்கில்தான்.