சாய்ந்த கள்ளியும் சுண்ணாம்புக் காளவாயும்

2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கேட்டலினா மாநிலப் பூங்காவில் ஒரு சகுவாரோ கள்ளி விழுந்தது. வயது ஏறத்தாழ 200 என்று கணித்திருந்தார்கள். அங்குள்ள ரொமேரோ இடிபாடுகளைப் பார்க்க வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் போனதில்லை. அந்த வட்டாரத்துக்கே தெரிந்த கள்ளி. விடாத மழையில் மண் ஊறியது; சாய்ந்துவிட்டது. பூங்கா ஊழியர்கள் அதை வெட்டவுமில்லை, வண்டியில் ஏற்றவுமில்லை. விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும், பூச்சிகளுக்கும் ஊர்வனவற்றுக்கும் இன்னும் பல ஆண்டுகளுக்கு அதுதான் வீடு என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த முடிவுக்கு வர அரிசோனாவுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1940களில், அதே மாநிலத்து டூசான் நகரத்தின் கிழக்குப் புறத்தில், அழுகிச் சாய்கிற சகுவாரோக்களைத் துண்டு துண்டாக வெட்டி, சுமந்துபோய், குழி தோண்டிப் புதைத்தார்கள். பெனிசிலின்கூடச் செலுத்திப் பார்த்தார்கள். அக்கறையோடும் அறிவியலின் துணையோடும் செய்த வேலைதான். ஆனால் பார்க்க வேண்டிய இடம் வேறாக இருந்தது.

முதலில் கள்ளியைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்ச் சதுரக்கள்ளிக்கும் இதற்கும் உறவில்லை. சதுரக்கள்ளியை ஒடித்தால் பால் வடியும்; சகுவாரோவில் பால் கிடையாது. சொனோரன் பாலைவனத்தைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத இந்தக் கள்ளி 40 அடிக்கு மேல் உயரும். வளர்ச்சி நம்ப முடியாத அளவுக்கு மெதுவானது: முளைத்து எட்டு ஆண்டுகள் ஆனாலும் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டியிருக்காது. முதல் கை கிளைக்க ஐம்பது முதல் எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகும். வறண்ட இடமானால் நூறு. அதற்குப் பிறகுதான் இரண்டு, நான்கு, பத்து என்று கைகள் மேலே ஏறி, முழுப் பாரமும் உச்சிக்குப் போகிறது.

தண்டின் ஓர் அடி நீளமே முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். நீர் நிரம்பிய பெரிய கள்ளி இரண்டு டன்னைத் தாண்டும். இத்தனை பாரத்தையும் தாங்குகிற ஆணிவேர் இரண்டடி ஆழத்துக்குச் சற்று மேல்தான் இறங்குகிறது. மற்ற வேர்கள் நான்கைந்து அங்குல ஆழத்தில், கள்ளி எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்துக்குப் பக்கவாட்டில் ஓடுகின்றன. லேசாகத் தூறினாலும் அந்த நீரை மண் உலருமுன் பிடித்துவிட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. மழைக்குப் பின் தண்டு விரிந்து பருக்கவும், வறட்சியில் சுருங்கவும் அதன் மேனியில் மடிப்புகள் உண்டு. டூசானின் டுமாமாக் குன்றில் 1903இல் தொடங்கிய பாலைவன ஆய்வகத்தின் முதல் ஆண்டுகளிலேயே எஃபி ஸ்பால்டிங் என்ற பெண்மணி இந்த விரிவையும் சுருக்கத்தையும் அளந்து, 1905இல் கட்டுரையாக வெளியிட்டார்.

ஆக, சாய்வதற்கான காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. நீண்ட வறட்சிக்குப் பின் பெருமழை கொட்டினால் தண்டு நீரைக் குடித்துக் கனக்கிறது, அதே நேரம் வேரைப் பிடித்திருந்த மண் இளகுகிறது. பருவமழையோடு வருகிற காற்று மிச்ச வேலையை முடிக்கிறது.

விழுந்த கள்ளியை வீணாக்காமல் வாழ்ந்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகளான டொஹோனோ ஓஓதம் மக்கள். சதை அழுகி உதிர்ந்தபின், உள்ளே செங்குத்தாக நின்ற மரக்கழிகள் மூங்கில் கட்டுப்போல் மிஞ்சும். அவற்றை வேலிக்கும் கூரைக்கும் சுவருக்கும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கழிகளை நீளமாக இணைத்துக் கட்டினால் பழம் பறிக்கும் துறட்டி. ஜூன் மாத வெயிலில் உச்சியில் பழுக்கும் சிவந்த பழங்களை அந்தத் துறட்டியால் தட்டி எடுத்து, காய்ச்சிப் பாகாக்கி, ஒரு பகுதியைப் புளிக்கவைத்து, மழையை அழைக்கும் சடங்கில் பருகுவார்கள். அவர்களுக்குப் புத்தாண்டு பிறப்பது அந்த அறுவடையோடுதான். மரங்கொத்தி துளைத்த பொந்தைச் சுற்றிக் கள்ளி தன் காயத்தை மூடக் கெட்டியான ஓட்டை வளர்க்கும். சதை போனபின் அந்த ஓடு மட்டும் ஒரு காலணியின் வடிவில் தனியே கிடைக்கும். அதையும் பாத்திரமாகப் பயன்படுத்தினார்கள்.

சகுவாரோ அவர்களுக்கு மனிதப் பிறவி, மூத்தோர். 2021இல் ஓஓதம் தேசத்தின் சட்டமன்றம், சகுவாரோவை ஆளாக மதிக்க வேண்டும் என்று தீர்மானமே நிறைவேற்றியது. மெக்சிகோ எல்லைச் சுவருக்காக 2020இல் கள்ளிகள் புல்டோசரால் சாய்க்கப்பட்டதைக் கண்ட மக்கள் நிறைவேற்றிய தீர்மானம் அது.

குடியேறிய வெள்ளையர்களுக்கு இந்தக் கள்ளி முதலில் வேடிக்கைப் பொருளாகவும், பிறகு பெருமைக்குரிய சின்னமாகவும் ஆனது. 1931இல் சகுவாரோ பூ அரிசோனாவின் மாநில மலராயிற்று. டூசானுக்குக் கிழக்கே, ரிங்கன் மலையடிவாரத்தில், வயதான பெருங்கள்ளிகள் நெருக்கமாக நின்ற காட்டைக் காக்க வேண்டும் என்று அரிசோனா பல்கலைக்கழகத் தலைவர் ஹோமர் ஷாண்ட்ஸ் ஓயாமல் வாதாடினார். 1933 மார்ச் 1ஆம் தேதி, பதவி முடிய மூன்று நாள் இருந்தபோது, குடியரசுத் தலைவர் ஹூவர் அதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார்.

அறிவித்து ஆறே ஆண்டுகளில், காக்க வேண்டிய கள்ளிகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. 1939இல் கறுத்த புண்களும் அவற்றிலிருந்து ஒழுகும் பழுப்பு நீரும் கண்ணில் பட்டன. அமெரிக்க வேளாண்மைத் துறையின் தாவர நோய் வல்லுநர் லேக் கில் வந்து பார்த்தார். புண்ணிலிருந்து ஒரு பாக்டீரியா பிரித்தெடுக்கப்பட்டது. 1942இல் அதற்கு எர்வினியா கார்னெகியானா என்று பெயரும் வைக்கப்பட்டது. தொற்றுநோய் என்று முடிவாயிற்று. தொற்றுநோய்க்கு அந்தக் காலம் அறிந்த வைத்தியம் நோயாளியைப் பிரித்து அப்புறப்படுத்துவது.

அப்படியே செய்தார்கள். ஒரு சதுர மைல் காட்டை எடுத்து, அதிலிருந்த கள்ளிகளை எண்ணிக் குறித்தார்கள். வடபாதியைத் தொடவில்லை. தென்பாதியில் நோய்ப்பட்டதாகத் தெரிந்த ஒவ்வொன்றையும் அறுத்து, இழுத்து, புதைத்தார்கள். முள்ளும் சேறுமான டன் கணக்கான சதையைக் கையால் கையாண்ட அந்தத் தொழிலாளர்களின் பாடு சாதாரணமானதல்ல. பல ஆண்டு கணக்கெடுப்புக்குப் பின் பார்த்தால், வெட்டிய பாதியிலும் வெட்டாத பாதியிலும் சாவு ஒரே மாதிரி தொடர்ந்தது. 1962இல் ஆல்கார்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள், இந்த வேகத்தில் போனால் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தக் காடே இருக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

உண்மையில் அந்தக் கள்ளிகளைக் கொன்றது எது? வாரன் ஸ்டீன்பெர்கும் சார்லஸ் லோவும் 1970களில் நடத்திய விரிவான ஆய்வு பாக்டீரியாவைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கியது. குற்றவாளி உறைபனி. சகுவாரோவின் உடம்பு பெரும்பகுதி நீர். இரவில் சில மணி நேரம் உறைநிலைக்குக் கீழே போய், காலையில் வெயில் வந்துவிட்டால் அது தாங்கிக்கொள்ளும். பகலிலும் குளிர் விலகாமல் நீடித்தால் உள்திசு செத்துவிடும். ஆனால் கள்ளி உடனே விழாது. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு, அதற்கும் மேலாகப் பச்சையாகவே நிற்கும். 1937 ஜனவரியில் அப்படியொரு கடுங்குளிர் அடித்தது. 1939இல் கண்ட புண்கள் அந்தக் குளிரின் தாமதமான தழும்புகள். செத்த திசுவைத் தின்ன வந்ததுதான் பாக்டீரியா. சில சகுவாரோக்களின் கைகள் கீழ்நோக்கி முறுக்கிக்கொண்டு தொங்குவதும் பழைய உறைபனிக் காயத்தால்தான்.

முதிய கள்ளிகள் சாவது புதிதல்ல. சொனோரன் பாலைவனத்தின் வடக்கு விளிம்பில் காலங்காலமாக நடப்பது. அந்தக் காட்டில் காணாமல் போயிருந்தது வேறொன்று. குட்டிக் கள்ளிகளே இல்லை.

இந்த வரலாற்றில் சுண்ணாம்புக் காளவாய் நுழையும் இடம் இது. சகுவாரோ விதை வெட்டவெளியில் முளைத்தால் பிழைக்காது. பாலோ வெர்டே, மெஸ்கீட், இரும்புமரம் போன்றவற்றின் நிழலில்தான் அது குழந்தைப் பருவத்தைக் கடக்கிறது. வெயிலையும் குளிரையும் தின்ன வரும் விலங்கையும் அந்த மரம் தடுக்கிறது. மெஸ்கீட் நமக்கு அந்நியமல்ல, தமிழ்நாட்டில் பரவிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய இனம். 1880களிலிருந்து 1920 வரை, வளர்ந்துவந்த டூசானின் வீடுகளுக்குக் காரையும் வெள்ளையும் தேவைப்பட்டன. கள்ளிக் காட்டுக்குள்ளேயே சுண்ணாம்புக்கல் கிடைத்தது. காளவாய் கட்டி, நாள்கணக்கில் தீ எரித்து, கல்லை நீற்றினார்கள். எரிப்பதற்குப் பக்கத்தில் நின்ற மெஸ்கீட்டும் பாலோ வெர்டேயும் வெட்டப்பட்டன. மிஞ்சிய இடத்தில் மாடுகள் மேய்ந்தன. தப்பி முளைத்த நாற்றையும் மிதித்தன. பெரிய கள்ளிகளை யாரும் தொடவில்லை. அதனால் காடு பத்திரமாக இருப்பதுபோலவே தோன்றியது. அறுபது ஆண்டுகளாகக் குழந்தை பிறக்காத ஊரை, முதியவர்கள் நிமிர்ந்து நிற்பதை வைத்து, செழிப்பான ஊர் என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் காளவாய்களின் இடிபாடுகளை இன்றும் அங்கு நடைபாதையோரம் பார்க்கலாம்.

1950களின் பிற்பகுதியில் காட்டின் முக்கியப் பகுதியிலிருந்து மாடுகள் வெளியேறின. மரங்கள் மீண்டும் தழைத்தன. அவற்றின் அடியில், விரல் உயரத்தில், கள்ளிகள் தென்படத் தொடங்கின. இல்லாமல் போகும் என்று நாள் குறிக்கப்பட்ட காடு 1994இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. இன்று அந்தப் பூங்கா முழுவதிலும் சேர்த்து ஏறத்தாழ 20 லட்சம் சகுவாரோக்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

வீட்டு முற்றத்துச் சகுவாரோவின் கதை வேறு. டூசானிலும் ஃபீனிக்ஸிலும் வீட்டுக்கு முன் ஒரு பெருங்கள்ளி நிற்பது கௌரவம். காட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவர அரிசோனா வேளாண்மைத் துறையின் அனுமதியும், கள்ளியில் கட்டும் அடையாளச் சீட்டும் வேண்டும். 1929இலேயே அந்த மாநிலம் தன் தாவரங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டுவிட்டது. சட்டப்படி பெயர்த்தாலும் கள்ளி பிழைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பக்கவேர்கள் முழுக்க அறுந்துவிடுகின்றன; உயரமான கள்ளிகளே அதிகம் சாகின்றன. சேமித்த நீரில் சில ஆண்டுகள் பச்சையாக நிற்கும். பிறகு ஒருநாள் முட்டுக்கட்டையோடு சேர்ந்து சாயும். தோட்டத்தில் நட்ட கள்ளிக்கு இன்னொரு எதிரி தண்ணீர்க் குழாய். அடித்தண்டை ஒட்டித் தினமும் ஈரம் இருந்தால் வேர் அழுகும், மேலே எதுவும் தெரியாது.

அழுகல் சிறியதாக இருக்கும்போது செய்யத்தக்கது ஒன்று உண்டு. மெத்தென்ற சதையைச் சுரண்டி எடுத்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, பள்ளத்தை எதையும் வைத்து அடைக்காமல் காய விட வேண்டும். கள்ளி தானே ஓடு கட்டிக்கொள்ளும். முழுதாகச் சாய்ந்துவிட்டால் அதை நிமிர்த்தி நடுவது பெரும்பாலும் பலிக்காது. விழுந்த கையை மண்ணில் ஊன்றினாலும் சப்பாத்திக்கள்ளியைப்போல எளிதில் வேர்விடாது. சாய ஆரம்பித்த கள்ளியின் அடியில் நிற்கவே கூடாது. 1982இல் ஃபீனிக்ஸ் நகருக்கு வெளியே, விளையாட்டாகச் சகுவாரோவைத் துப்பாக்கியால் சுட்ட ஓர் இளைஞர் அதன் கை விழுந்து செத்தார்.

2023 கோடையில் ஃபீனிக்ஸில் 31 நாட்கள் தொடர்ந்து வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது. நகரத் தோட்டங்களில் சகுவாரோக்கள் கைகளை உதிர்த்தன, உள்ளிருந்து அழுகின, விழுந்தன. இந்தக் கள்ளி பகலில் மூச்சடக்கி, இரவில்தான் துளைகளைத் திறந்து காற்றை வாங்குகிறது. கான்கிரீட்டும் தாரும் இரவிலும் சூட்டைக் கக்கும் நகரத்தில் அதற்கு ஓய்வே கிடைக்கவில்லை. குளிரில் செத்த தாத்தாக்களின் பேரன்கள் இப்போது வெயிலில் சாகிறார்கள்.

பாலைவனத்தில் இன்றைய பெரிய அபாயம் ஒரு புல். கொங்கு நாட்டில் காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் என்று போற்றி வளர்க்கிறோமே, அதே புல்தான். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை தாயகமாகக் கொண்ட அந்தப் புல்லை அமெரிக்கர்கள் மாட்டுத் தீவனத்துக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் கொண்டுபோனார்கள். அரிசோனா மலைச்சரிவுகளில் அது தானே பரவி, கள்ளிகளுக்கு இடையிலிருந்த வெற்றிடத்தை நிரப்பிவிட்டது. முன்பு தீப்பற்றினால் பரவ வழியில்லாத நிலத்தில் இப்போது தீ ஓடுகிறது. சகுவாரோவுக்குத் தீயைத் தாங்கும் பட்டை கிடையாது. நாற்றுகளுக்கும் அவற்றைக் காக்கும் மரங்களுக்கும் பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

2005இல் அரிசோனா இந்தப் புல்லைத் தீங்கு தரும் களையாக அறிவித்தது. பூங்கா ஊழியர்களும் தன்னார்வத் தொண்டர்களும் ஆண்டுதோறும் சரிவுகளில் ஏறி, கடப்பாரையால் தூரோடு பெயர்த்து எடுக்கிறார்கள். 1940களில் சாய்ந்த கள்ளிகளைப் புதைப்பதில் போன உழைப்பைவிட இது நல்ல இடத்தில் போகிற உழைப்பு.