கம்பியின் தடையை அளந்த ஆசிரியர்



மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கே, பட்டிப்பளை ஆற்று நீர் பாயும் வட்டைகளில் உழவர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. வாய்க்கால் நீளுந்தோறும் கடைசி வயலைச் சேரும் நீர் குறையும்; வாய்க்காலை அகலமாக்கினால் நீர் பெருகும். அவ்வாற்றையே இங்கினியாகலையில் மறித்துப் பெறும் மின்சாரமும், கம்பி வழியே செல்லுங்கால், இதனையொத்த நியதிக்கு உட்படுகின்றது. அந்நியதியைத் திருத்தமாக அளந்து நிறுவியவர் ஒரு பாடசாலை ஆசிரியர்.

ஜேர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789 ஆம் ஆண்டு பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த ஜோர்ஜ் சைமன் ஓம், கொலோன் நகரிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்தார். அக்காலத்து மின்கலங்களின் வலு நிலையாக நில்லாது. ஆகவே அவர் செம்பையும் பிஸ்மத்தையும் பொருத்தி, ஒரு பொருத்தைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னழுத்தத்தைப் பெற்றார். ஒரே பருமனுள்ள செப்புக் கம்பிகளை வெவ்வேறு நீளங்களில் இணைத்து, காந்த ஊசி திரும்பும் அளவைக்கொண்டு மின்னோட்டத்தை அறிந்தார். கம்பி நீண்டால் தடை மிகும், பருத்தால் குறையும், உலோகம் மாறினால் தடையும் மாறும் என்பன தெளிவாயின. 1827 இல் அவர் வெளியிட்ட நூலை அறிஞர் பலர் பொருட்படுத்தவில்லை. மறு ஆண்டே அவர் அப்பதவியைத் துறந்தார். 1841 இலேதான் இலண்டன் றோயல் கழகம் அவருக்குக் கொப்ளிப் பதக்கம் வழங்கிற்று.

1854 இல் ஓம் மறைந்தார். மூன்றாண்டுகளின் பின், அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் தந்தி வடம் இட முயன்ற காலத்தில், வில்லியம் தொம்சன் செப்புக் கம்பிகள் பலவற்றைச் சோதித்தார். நீளமும் பருமனும் ஒத்திருந்தும் அவற்றின் தடை வெகுவாக வேறுபட்டது. செம்பிற் கலந்த அழுக்கே காரணம். இவ்வாறு பொருளுக்கே உரிய தன்மையைத் தடைத்திறன் என்கிறோம். 1858 இல் இட்ட வடம் சில வாரங்களிற் செயலற்றது. காப்புறையின் குறையும் மிகை மின்னழுத்தமும் அதனைக் கெடுத்தன. 1866 இல் வெற்றிகண்ட வடத்திலோ தூய செம்பு, மைலொன்றுக்கு முன்னையதினும் ஏறக்குறைய மூன்று மடங்கு நிறையில் இடப்பட்டது.

வெப்பமும் தடையை மாற்றும். செப்புக் கம்பியின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு ஏறினால் தடை நூற்றுக்கு 0.4 அளவில் உயரும்.

நீளம், பருமன், உலோகம், வெப்பம் என்னும் நான்கையும் நம் மாணவர் பரீட்சைக்காக மனனஞ் செய்கின்றனர். ஆசிரியர்கள் அவர்களை ஒருமுறை வாய்க்கால் வரம்புக்கு அழைத்துச் செல்லட்டும். பின்னர் ஒரு மின்கலத்தையும் இரு கம்பிகளையும் கையிற் கொடுக்கட்டும். 1881 இல் பாரிசு மாநாடு தடையின் அலகுக்கு ஓம் என்னும் பெயரை ஏற்றுக்கொண்டமை, வகுப்பறையில் நின்ற ஒருவர் தம் கையால் அளந்து பார்த்தமைக்குக் கிடைத்த மதிப்பன்றோ?