முகம் பெற்ற படைவீரன்

யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் ஒரு பலகைக்குள் அடக்கிய பெருமை பாரத நாட்டுச் சதுரங்கத்துக்கு உரியது. பாரசீகர் வழியாகவும் அராபியர் வழியாகவும் மேற்றிசை சென்ற அவ்விளையாட்டு, ஐரோப்பியர் கையிலே காலப்போக்கில் வேறோர் உருவம் எடுத்தது. அவ்வுருவ மாற்றத்தின் வரலாறு விளையாட்டின் வரலாறு மட்டுமன்று. போரிலே மடியும் தனிமனிதனை உலகம் எவ்வாறு நோக்கிற்று என்பதன் வரலாறுமாகும்.

ஜேர்மனியிலே பிறவுன்சுவிக் நகரில் ஆசிரியராக விளங்கிய ஹெல்விக் என்பார், 1780ஆம் ஆண்டில் சதுரங்கத்தைப் போர்ப் பயிற்சிக்கு ஏற்றவாறு விரித்தமைத்தார். சதுரங்கப் பலகையின் கட்டங்கள் அறுபத்து நான்கு. அவர் அமைத்த பலகையிலோ 1,600க்கு மேற்பட்ட கட்டங்கள் இருந்தன. மலை, நீர்நிலை, சதுப்பு நிலம் ஆகியவற்றைக் கட்டங்களின் நிறங்கள் உணர்த்தின. அதன்பின் பிரஷ்ய நாட்டவரான ரைஸ்விட்ஸ் பிரபு, நிலத்தின் மேடுபள்ளங்களைச் சாந்துப் பலகைகளிற் காட்டும் மேசை ஒன்றைச் செய்வித்து, 1812இல் தம் மன்னருக்குக் காட்டினார். பீரங்கிப் படையிற் சேவை செய்த அவர் மைந்தர், 1824இல் அதனை நிலப்படத்தின்மேல் ஆடும் ஆட்டமாகத் திருத்தி விதிநூல் வெளியிட்டார். படைத்தலைமைப் பீடத்தின் தலைவரான மியூப்ளிங், அவ்வாட்டத்தைக் கண்டு வியந்து, அதனைப் படையினர் யாவரும் பயிலவேண்டுமெனப் பரிந்துரைத்தார்.

அந்த ஆட்டத்திலே போர்வீரன் எங்கே இருந்தான்? சிவப்பும் நீலமுமான சிறு துண்டுகளே படைகளாயின. ஒரு துண்டு நூற்றுக்கணக்கான வீரரைக் குறித்தது. தாயக்கட்டை உருண்டது, அட்டவணை பார்க்கப்பட்டது, மடிந்தோர் தொகை தாளொன்றில் எண்ணாகப் பதியப்பட்டது. அத்துண்டுகளுக்கு முகமில்லை. தளபதியின் கண்ணுக்கு முகம் வேண்டியதுமில்லை.

முகத்தைத் தந்தவர்கள் படைத்தலைவர்கள் அல்லர். விளையாட்டுப் பொருள் செய்த கம்மியர்களே. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நூரெம்பேர்க் நகரிலே ஹில்பேட் குடும்பத்தினர் வெள்ளீயத்தால் தட்டையான போர்வீரரை வார்த்தனர். 1893இல் இங்கிலாந்திலே வில்லியம் பிறிட்டெயின் நிறுவனத்தார், உள்ளீடற்ற வீரரை வார்க்கும் முறையைக் கண்டனர். உருகிய உலோகத்தை அச்சினுள் ஊற்றி, வெளிப்புறம் இறுகியவுடன், உள்ளே இறுகாது நின்றதைத் திரும்ப வெளியே ஊற்றிவிடுவர். உலோகம் மிச்சமாயிற்று, விலை குறைந்தது, பொம்மைப் படைகள் பல வீடுகளிற் புகுந்தன. எனினும், ஓர் அச்சிற் பிறந்த ஆயிரம் வீரருக்கும் ஒரே முகமே அமைந்தது.

அவ்வீரரைத் தரையிலே பரப்பி விளையாடியவர்களுள் ஒருவர், பேர்பெற்ற எழுத்தாளரான எச். ஜி. வெல்ஸ். அவர் 1913இல் வெளியிட்ட 'சிறிய போர்கள்' என்னும் நூல், வீட்டிலே ஆடும் போர் விளையாட்டுக்கு எளிய விதிகளை வகுத்தது. வில்லினால் இயங்கும் சிறு பீரங்கியால் எதிரியின் பொம்மைகளை வீழ்த்துதல் அவ்வாட்டத்தின் முறை. ஆயின், நூலின் முடிவிலே அவர் கூறும் கருத்து விளையாட்டன்று. இச்சிறு போரைச் சில தடவை ஆடிப் பார்த்தவன், மெய்யான பெரும்போர் எத்துணைப் பேதைமை வாய்ந்தது என்பதை உணர்வான் என்பதே அது. நூல் வெளிவந்த மறு ஆண்டிலே முதலாம் உலகப் போர் மூண்டது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இவ்விளையாட்டுக்குப் புத்துயிர் அளித்தோருள் முக்கியமானவர் டொனால்ட் பெதர்ஸ்டோன். அவர் அப்போரிலே கவசவாகனப் படையில் நின்றவர். 1962இல் அவர் எழுதிய நூல் பலரை இத்துறைக்கு ஈர்த்தது. அக்காலத்தில் எயர்பிக்ஸ் நிறுவனத்தார் மலிவான பிளாஸ்டிக் வீரரைப் பெட்டிகளில் அடைத்து விற்றனர். ஆனால், வேண்டிய நாட்டுப் படை எப்பொழுதும் கடையிற் கிடைப்பதில்லை. ஆகவே விளையாடுவோர் கத்தியை எடுத்தனர். ஒருவனின் தலையை வெட்டி மற்றொருவனின் கழுத்திற் பொருத்தினர்; வர்ணம் மாற்றித் தீட்டினர். கடையில் வாங்கிய வீரன் மேசைக்கு வந்தபோது வேறொருவனாகியிருந்தான். இல்லாமையிலே பிறந்த இக்கைவேலையே பின்னர் ஒரு தனிக்கலையாயிற்று.

1979இல் இங்கிலாந்திலே சிற்றடெல் என்னும் பொம்மைவார்ப்பு நிறுவனம் தோன்றியது. 1983இல் 'வோர்ஹாமர்' என்னும் கற்பனையுலகப் போர் விளையாட்டும், 1987இல் எதிர்கால விண்வெளிப் போரைப் பொருளாகக் கொண்ட அதன் வேறொரு வடிவமும் வெளிவந்தன. மெய்யான வரலாற்றின் சீருடைக் கட்டுப்பாடு கற்பனைப் படைக்கு இல்லை. எனவே, ஒவ்வொருவரும் தம் படை மற்றையோர் படையினின்று வேறுபட வேண்டுமென விரும்பினர். இவ்விருப்பத்தை நிறைவேற்ற வந்ததே ரெசின் என்னும் செயற்கைப் பிசினால் வார்க்கப்படும் மாற்றுறுப்புத் தொகுதி.

இத்தொகுதியிலே முழு வீரன் இருப்பதில்லை. தலைகள், கைகள், ஆயுதங்கள், கவசத் தகடுகள், வாகனக் கதவுகள் முதலியனவே இருக்கும். அவற்றைப் பொருத்துவதற்குரிய பிளாஸ்டிக் உருவத்தை வேறாக வாங்கவேண்டும். ஆகையால், எந்த உருவத்துக்கு, எந்த அளவுக்கு அவ்வுறுப்புகள் ஏற்றவை என்பதை முதலில் ஆராய்ந்தே வாங்குதல் வேண்டும்.

ரெசினைத் தேர்ந்ததற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. பிளாஸ்டிக் வார்ப்புக்கு வேண்டிய உருக்கு அச்சு மிகுந்த செலவுடையது; பல்லாயிரம் பிரதிகள் விற்றாலன்றி முதல் மீளாது. ரெசினுக்கோ மென்மையான சிலிக்கோன் இறப்பர் அச்சுப் போதும். அதனைச் சிறு பட்டறையிலும் செய்யலாம். ஆனால் அது விரைவிலே தேய்ந்து கிழியும்; ஒவ்வொரு வார்ப்பும் கையாலேயே நடைபெறும். அதனாலேயே சிறு உறுப்புக்கும் விலை கூடுகின்றது.

வாங்கியதைப் பொருத்துதலும் பொறுமை வேண்டும் வேலையாகும். அச்சிலிருந்து எளிதிற் கழற்றுவதற்காகப் பூசிய நெய்ப்பு உறுப்புகளில் ஒட்டியிருக்கும். சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரிற் கழுவாவிடின் வர்ணம் பற்றாது. வளைந்து போன ஈட்டியைச் சுடுநீரில் இட்டு நிமிர்த்தி, உடனே குளிர்நீரில் அமிழ்த்தினால் அது நேராகவே நிற்கும். அரத்தால் தேய்க்கும்போது எழும் தூள் சுவாசப்பைக்குத் தீங்கானது. எனவே முகமூடி அணிந்து, நனைத்துத் தேய்த்தல் நன்று. பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் பசை ரெசினில் வேலை செய்யாது. நொடியில் இறுகும் சயனோஅக்ரிலேற் பசையே வேண்டும். பாரமான கையாயின், இருபுறமும் துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகிப் பொருத்துவர். எஞ்சிய இடைவெளியை, நீலமும் மஞ்சளுமான இரு கூறுகளைப் பச்சை நிறம் வரும்வரை பிசைந்த களிம்பினால் அடைப்பர். அதன் பின்னரே வர்ணம்.

ஒரு விரலளவு உருவத்துக்கு இவ்வளவு உழைப்பா எனச் சிலர் நகைக்கலாம். அதிலே பொருட்செலவு உண்டு என்பதும் மறுக்கொணாதது. ஆயினும் பிரஷ்யத் தளபதியின் மேசையையும் இன்று இவ்விளையாட்டை ஆடுவோன் மேசையையும் ஒப்புநோக்குதல் தகும். அங்கே நூற்றுக்கணக்கானோர் ஒரு துண்டாகச் சுருங்கினர். இங்கே ஒருவன், பல நாள் மாலைப்பொழுதுகளை விழுங்கி, தன் தலையையும் கையையும் தனித்தனியே பெற்று எழுகின்றான். அவனை ஆக்கியவன், ஆட்டத்திலே அவன் வீழும்போது முகஞ்சுளித்தே அவனை எடுத்து அப்பால் வைக்கின்றான்.

பொம்மையாயின், அடுத்த ஆட்டத்திலே மீண்டும் எழுவான். மெய்யான களத்தில் வீழ்ந்தவனுக்கு அடுத்த ஆட்டம் இல்லை. அவனை ஆளாக்க ஒரு தாய்க்குப் பல ஆண்டுகள் சென்றன. வெல்ஸ் தம் வீட்டுத் தரையிலிருந்து உலகுக்குச் சொல்ல முயன்றது இதுவே. ஓர் உருவத்தை ஆக்குவது எத்துணை அரிது என்பதைக் கை அறிந்துகொண்டால், ஓர் உயிரை அழிப்பது எத்துணைக் கொடிது என்பதை நெஞ்சமும் அறிந்துகொள்ளுதல் கூடும்.