ஒரு கட்டளையும் எண்நிரையும்

மடக்கை அட்டவணையைப் புரட்டாத கணித மாணவன் ஒரு காலத்தில் நம் கல்லூரிகளில் இருந்ததில்லை. பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றித்தந்த அவ்வட்டவணையை அமைத்தோர் யாவர் என்று வினவியோர் மிகச் சிலரே. விடை தேடப் புகின், ஒரே கட்டளையை ஓர் எண்நிரை முழுவதன்மேலும் மீட்டும் மீட்டும் செலுத்தும் முறையின் வரலாறு வெளிப்படும்.

1790களில் பிரான்சியப் புரட்சி அரசு புதிய தசம அளவைகளைப் புகுத்தியது. செங்கோணமும் 90 பாகைக்குப் பதிலாக 100 கூறுகளாகப் பகுக்கப்பட்டமையின் பழைய அட்டவணைகள் பயனற்றன. புதியனவற்றை ஆக்கும் பொறுப்பு கசுப்பார் த புரோனி என்னும் பொறியியலாளரைச் சார்ந்தது. ஒருவர் ஆயுள் முழுதும் உழைப்பினும் முடியாத வேலை அது. குண்டூசித் தொழிலில் வேலைப் பகுப்பின் பயனை அதாம் சிமித் 1776 இல் விளக்கியிருந்தார். அதனையே புரோனி கணிதத்தில் புகுத்தினார். கணிதப் பேரறிஞர் சிலர் சூத்திரங்களைத் தெரிந்தனர். ஏழெட்டுப் பேர் அவற்றிலிருந்து தொடக்க எண்களையும் வேற்றுமைகளையும் கணித்தனர். எஞ்சிய 60 முதல் 80 பேர் வரையினர் செய்ததெல்லாம் கூட்டலும் கழித்தலுமே. பிரபுக்கள் வீழ்ந்தபின் தொழிலிழந்த சிகையலங்காரரும் இவருட் பலராவர் என்பர்.

கூட்டல் மாத்திரம் எங்ஙனம் போதும்? 1, 4, 9, 16 என்னும் வர்க்க எண்களை நோக்குக. அடுத்தடுத்த எண்களின் வேற்றுமை 3, 5, 7. அவ்வேற்றுமைகளின் வேற்றுமை எப்போதும் 2. ஆகவே 7 உடன் 2 ஐக் கூட்டி 9 பெற்று, அதனை 16 உடன் கூட்டின் 25 கிடைக்கும். பெருக்கல் அறியாதவனும் இவ்வாறே வேண்டுமளவு செல்லலாம்.

இம்மூன்றாங் குழுவினருள் பத்தில் ஒன்பது பங்கினர் கூட்டல் கழித்தலுக்கு மேல் அறியாதவர் என்றும், மிகுதியாக அறிந்தோரிலும் அவர்கள் கணிப்பே பெரும்பாலும் பிழை குன்றியிருந்தது என்றும் சாள்சு பாபேச்சு 1832 இல் வெளியிட்ட நூலிற் குறிப்பிடுகின்றார். ஆசிரியத் தொழில் புரியும் எமக்கு இச்செய்தி உவப்பானதன்று. மிகுதியாக அறிந்தவன் கட்டளையைத் தன் விருப்பின்படி திருத்த முற்பட்டனனோ, அன்றிச் சலிப்புற்றுக் கவனம் இழந்தனனோ?

பொருள் உணராமலே செய்யக்கூடிய தொழிலைப் பொறி ஏன் செய்யலாகாது என்பதே பாபேச்சின் வினா. 1822 இல் வேற்றுமைப் பொறியின் சிறு மாதிரியைக் காட்டினார்; பிரித்தானிய அரசு ஏறத்தாழ 17,000 பவுண் செலவிட்டும் முழுப்பொறி உருவாகவில்லை. 1842 இல் அரசு கைவிட்டது. அவர் பின்னர் வரைந்த இரண்டாம் வேற்றுமைப் பொறியின் கணிக்கும் பகுதியை இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார் 1991 இல் அமைத்து இயக்கினர். அது பிழையின்றிக் கணித்தது. குறை அவர் சிந்தனையில் இருந்ததில்லை.

அவர் கருதிய பகுப்புப் பொறி இன்னும் ஆழமானது. சக்காட்டின் நெசவுத்தறியில் துளையிட்ட அட்டைகள் பூவேலையை ஆள்வதுபோல, இதனையும் அட்டைகள் ஆளும். செய்கையை உணர்த்தும் அட்டைகள் ஒரு புறம்; எவ்வெண்களின்மேல் அது நிகழவேண்டும் எனக் காட்டும் அட்டைகள் மற்றொரு புறம். கட்டளையும் அதற்குட்படும் பொருளும் இங்கே தெளிவாகப் பிரிந்தன. இப்பிரிவின் பெருமையை நன்குணர்ந்தவர் அதா இலவிலேசு அம்மையார். 1843 இல் வெளியான குறிப்புக்களில், ஒருமுறை ஓடிய அட்டைகளைப் பின்னே திருப்பி மீண்டும் ஓட்டும் முறையை அவர் விளக்கினார். எண்களின் இடத்தில் இசையொலிகளின் தொடர்புகளும் நிற்கலாம் என்றார். எனினும், நாம் கட்டளையிட அறிந்ததையன்றிப் பொறி தானாக எதனையும் தோற்றுவியாது என்று வரையறுக்கவும் அவர் மறக்கவில்லை.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969 இல் தொடங்கிய யுனிக்சு என்னும் கணினி முறைமையின் வழிவந்தவற்றில் எக்சார்க்சு என்றொரு கட்டளை உண்டு. அது பெயர்களின் பட்டியலொன்றை வாசித்து, அவற்றை மற்றொரு கட்டளைக்கு வழங்கி, பட்டியல் தீருமட்டும் அதனை இயக்கும். அவை ஆயிரம் கோப்புக்களின் பெயராயினும், செய்யவேண்டிய செய்கையை ஒருமுறை எழுதினால் அமையும்.