வகைக்கெழுவின் வரலாறு: விதியிலிருந்து வரையறைக்கு

முன்னுரை

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு மாணவர் நுண்கணிதத்தில் முதலில் எல்லையைப் படிக்கிறார். அடுத்துத் தொடர்ச்சி, பிறகு வகைக்கெழுவின் வரையறை, அதன்பின் பெருக்கல் விதியும் சங்கிலி விதியும். வரலாறு நடந்த வரிசை வேறு. வகைக்கெழு காணும் செய்முறை 1630களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. எல்லையைக் கொண்டு அமைந்த வரையறையோ 1823இல்தான் பாடநூலில் உறுதியாக இடம்பெற்றது. செய்முறையை வளர்த்தவை கணக்குகள். வரையறையை வரவழைத்தவை எதிர்ப்பும் வகுப்பறையும். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெர்மாவின் செய்முறை

பிரான்சின் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றிய பியர் டி பெர்மா, பெருமமும் சிறுமமும் காணத் தாம் கண்ட முறையை எழுதினார். அது 1637 இறுதியில் பாரிஸ் அறிஞர்களின் கைக்கு வந்தது. ஒரு கோட்டை இரண்டாக வெட்டி, அத்துண்டுகளின் பெருக்கற்பலனைப் பெருமமாக்குவது அவர் காட்டிய எடுத்துக்காட்டு.

கோட்டின் நீளம் 10 என்போம். ஒரு துண்டு அ என்றால் பெருக்கற்பலன் 10அ − அ². அ என்பதை அ + உ என்று சற்றே மாற்றி, இரு பலன்களையும் சமமாக்கிப் பொது உறுப்புகளை நீக்கினால் 10உ − 2அஉ − உ² = 0 என்று எஞ்சும். உ ஆல் வகுத்தால் 10 − 2அ − உ = 0. இப்போது உ என்பதை விட்டுவிட்டால் அ = 5.

விடை சரி. ஆனால் வகுக்கும்போது உ சுழியாக இருக்கக் கூடாது. விட்டுவிடும்போது சுழியாக இருந்தாக வேண்டும். இந்த முரணைத் தீர்க்காமலேயே முறை பரவியது. ஏனெனில் தொடுகோடு, பெருமம் பற்றிய கணக்குகளுக்கு அது தவறாமல் விடை தந்தது.

விதிகளின் காலம்

1666இல் நியூட்டன், மாறும் அளவுகளின் வேகமாக வகைக்கெழுவைக் கருதி ஒரு பொது முறையை எழுதிவைத்தார். அதை அப்போது அச்சிடவில்லை. லைப்னிட்ஸ் 1684இல் ஓர் ஆய்விதழில் கூட்டல், பெருக்கல், வகுத்தல், அடுக்கு, மூலம் ஆகியவற்றுக்கான விதிகளை நிரூபணமின்றி வெளியிட்டார். பெருக்கல் விதி அவருக்கும் உடனே பிடிபடவில்லை. பெருக்கற்பலனின் வகையீடு, வகையீடுகளின் பெருக்கற்பலன்தானா என்று 1675 நவம்பரில் அவரே சோதித்து, அல்ல என்று கண்டார். இன்றும் மாணவர்கள் இதே இடத்தில் தடுமாறுகிறார்கள். 1696இல் லோபிதால் எழுதிய நூல் வகை நுண்கணிதத்தின் முதல் பாடநூலாக இவ்விதிகளை ஐரோப்பா முழுவதும் கொண்டு சென்றது.

எதிர்ப்பும் வரையறையும்

பெர்மா தீர்க்காமல் விட்ட முரணை 1734இல் அயர்லாந்துத் தத்துவஞானி ஜார்ஜ் பெர்க்லி வெளிப்படையாகத் தாக்கினார். ஓர் அதிகரிப்பு உண்டு என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டு, பிறகு அது இல்லை என்று சொல்லி அதே விடையைத் தக்கவைத்துக்கொள்வது தர்க்கமாகாது என்பது அவர் வாதம். அதற்கு விடை தேட வேண்டியதாயிற்று. எல்லையே அடிப்படை என்று 1754இல் டாலம்பேர் கலைக்களஞ்சியத்தில் எழுதினார். லக்ராஞ்சு 1797இல் எல்லையையும் தவிர்த்து, அடுக்குத் தொடரின் கெழுவாக வகைக்கெழுவை வரையறுத்தார்.

அந்த வழி நிலைக்கவில்லை. ஒரு புள்ளியில் எல்லா வரிசை வகைக்கெழுக்களும் சுழியாக இருந்தும், அப்புள்ளியைத் தவிர வேறெங்கும் சுழியாகாத, அதனால் அப்புள்ளியில் அடுக்குத் தொடரால் குறிக்க முடியாத சார்பு ஒன்றை 1822இல் கோஷி காட்டினார். 1823இல் பாரிசின் எக்கோல் பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பாடநூலில், அதிகரிப்புகளின் விகிதம் நெருங்கும் எல்லையே வகைக்கெழு என்று வரையறுத்தார். இதில் உ சுழியாக வேண்டியதில்லை. சுழியை நெருங்கினால் போதும். பெர்க்லியின் கேள்விக்கு விடை கிடைத்தது. வரையறை கூர்மையானதும் புதிய உண்மைகளும் புலப்பட்டன. எங்கும் தொடர்ச்சியாக இருந்தும் எங்குமே வகையிட முடியாத சார்பை 1872இல் வையர்ஸ்ட்ராஸ் பெர்லினில் முன்வைத்தார்.

முடிவுரை

எல்லை என்ற கருத்து ஒரு கேள்விக்குப் பிறந்த விடை. கேள்வியைக் காட்டாமல் விடையை மட்டும் முதல் நாளே கொடுத்தால், மாணவர் அதை மனப்பாடம் செய்வாரே தவிர அதன் தேவையை உணரமாட்டார். கணித ஆசிரியர்கள் பெர்மாவின் கோட்டுக் கணக்கை முதலில் செய்யவைத்து, உ எங்கே போயிற்று என்று மாணவர்களையே கேட்கவிட்டு, அதன்பின் எல்லையை அறிமுகப்படுத்த வேண்டும். அதற்கு ஒரு பாடவேளை போதும்.