கிண்டிக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையே விடுபட்ட முப்பது ஆண்டுகள்

ஜி. என். ராமச்சந்திரனைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் 1971-உடன் நின்றுவிடுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், கொலாஜனின் அமைப்பு, ராமச்சந்திரன் வரைபடம், கைக்கு எட்டாத நோபல் பரிசு, கடைசியாக பெங்களூருக்குப் போய்விட்டார் என்ற பெருமூச்சு, அத்துடன் முற்றுப்புள்ளி. பெங்களூரின் உயிர்த்தகவலியல் வரலாற்றை எழுதுவோரோ 2001-இல் தொடங்குகிறார்கள். கர்நாடக அரசு தன் உயிரித்தொழில்நுட்பக் கொள்கையை அறிவித்த ஆண்டு அது. அரசும் ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவனமும் இணைந்து உயிர்த்தகவலியல் மற்றும் பயன்பாட்டு உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்தை உருவாக்கியதும் அவ்வாண்டில்தான். சுருக்கமாக ஐ.பி.ஏ.பி. முதலில் வைட்ஃபீல்டின் தொழில்நுட்பப் பூங்காவில் இயங்கி, பின்னர் எலெக்ட்ரானிக் சிட்டியின் பயோடெக் பூங்காவுக்குக் குடிபெயர்ந்தது.

முதல் கதை முடிகிற இடத்துக்கும் இரண்டாவது கதை தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் முப்பது ஆண்டுகள் விடுபட்டுக் கிடக்கின்றன. விடுபட்டதன் விளைவு சிறியதன்று. உயிர்த்தகவலியல் என்பது மென்பொருள் வணிகம் பெற்றுப்போட்ட பிள்ளை என்றே நம் முதுநிலை மாணவர்கள் பலர் எண்ணுகிறார்கள். எலெக்ட்ரானிக் சிட்டி என்ற முகவரியும் அந்த எண்ணத்துக்குத் துணைபோகிறது. 1978-இல் கியோனிக்ஸ் நிறுவனம் ஆர். கே. பாலிகாவின் முனைப்பில் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் ஏறத்தாழ 330 ஏக்கர் நிலத்தில் மின்னணுத் தொழிலுக்காக வகுத்த ஊர் அது. அங்கே உயிரியல் ஆய்வு நடந்தால் அது கணினிக்குப் பிறகு வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த நிறுவனத்தின் இயக்குநர்களாக அமர்ந்தவர்கள் அதற்கு முன் எதைப் பற்றி ஆய்வு செய்தார்கள் என்று பார்த்தால் வேறொரு வரலாறு தென்படுகிறது.

அதற்குக் கிண்டியிலிருந்து தொடங்க வேண்டும். 1952-இல் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் சர் சி. வி. ராமனை இயற்பியல் துறைக்கு அழைத்தார். ராமன் தமக்குப் பதிலாகத் தம் மாணவர் ராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. சென்னைக்கு வந்திருந்த ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று சொன்னதே அவரை அந்தப் பக்கம் திருப்பியது. தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றுக்கும் அடிப்படைப் புரதம் அது. பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. கங்காருவின் வால் தசைநாண் அங்கிருந்துதான் கிடைத்தது. 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து அவர் முன்வைத்த மூவிழைச் சுருள் அமைப்பு 'நேச்சர்' இதழில் வெளியானது.

அதன் பிறகு நடந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அந்த அமைப்பின் சில கூறுகளை மறுத்தனர். அணுக்கள் சில இடங்களில் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் சொன்ன குறைகளுள் ஒன்று. அப்படியானால் இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? ராமச்சந்திரன் வாதத்துக்குப் பதில் வாதம் எழுதுவதோடு நின்றுவிடவில்லை. அதுவரை வெளியான அமினோ அமில, பெப்டைடு படிக அமைப்புகளை எல்லாம் திரட்டி, ஒவ்வோர் அணு இணையும் உண்மையில் எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்று பட்டியலிட்டார். பலரும் பல இடங்களில் வெளியிட்ட அளவீடுகளைத் தொகுத்து, அத்தொகுப்பிலிருந்து ஒரு விதியைப் பிரித்தெடுப்பது: இன்று இதைத் தரவுத்தளப் பகுப்பாய்வு என்போம். அன்று அதற்குப் பெயர் இருக்கவில்லை.

புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டுதான். அந்த இரு கோணங்களையும் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்கள் முட்டிக்கொள்கின்றனவா என்று கணக்கிட்டால், சாத்தியமான நிலைகள் ஒரு சதுரத் தாளில் சில தீவுகளாக ஒதுங்குகின்றன. தாளின் பெரும்பகுதி விலக்கப்பட்டுவிடுகிறது. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் வெளியான வரைபடம் இதுதான். கணக்குகள் மேசைக் கணக்கு இயந்திரங்களில் போடப்பட்டவை. வேதியியல் விதிகளும் பொறுமையுமே அங்கிருந்த கருவிகள்.

புரதத்தோடு அந்த எண்ணம் நிற்கவில்லை. கிண்டித் துறையிலேயே வி. எஸ். ஆர். ராவ் அதைச் சர்க்கரைச் சங்கிலிகளுக்குக் கொண்டுபோனார். மாவுச்சத்திலுள்ள அமைலோஸ் போன்றவற்றிலும் இரண்டு கண்ணிகளுக்கு இடையே இரண்டு கோணங்களே பெரும்பாலும் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே அதே கணக்கு அங்கும் செல்லும். 1960களின் இறுதியில் ராவுடன் இணைந்து இப்பணியில் ஈடுபட்டவர்களுள் ஒருவர் என். யதீந்திரா. பிறகு அவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், இலங்கையில் பயின்ற தமிழரான முத்தையா சுந்தரலிங்கத்துடன் சேர்ந்தார். அங்கே எடுத்துக்கொண்ட பொருள் நியூக்ளிக் அமிலங்கள்.

இங்கேதான் தாள் போதாமற்போனது. நியூக்ளிக் அமிலத்தின் முதுகெலும்பில் ஒவ்வொரு கண்ணிக்கும் சுழலும் கோணங்கள் ஆறு. ஆறு பரிமாணங்களை எந்தத் தாளில் வரைவது? எந்தக் கோணங்கள் உண்மையில் கட்டற்றவை, எவை ஒன்றையொன்று சார்ந்தவை என்ற கேள்விக்கு விடைதேடும் கட்டுரைகளை 1973 முதல் யதீந்திராவும் சுந்தரலிங்கமும் வெளியிட்டனர். சென்னைக்குத் திரும்பிய யதீந்திரா, ஆர். மாலதியுடன் சேர்ந்து 1980களின் தொடக்கத்தில் ஒரு வழியை முன்வைத்தார். பாஸ்பரஸ் அணுவையும் சர்க்கரையின் ஒரு கார்பன் அணுவையும் கற்பனைப் பிணைப்பால் இணைத்துவிட்டால், ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு கோணங்களே மிஞ்சும். வில்மா ஓல்சன் அமெரிக்காவில் அதே திசையில் தனியே சென்றுகொண்டிருந்தார். ஆறு பரிமாணம் மறுபடியும் ஒரு சதுரத் தாளுக்குள் வந்துவிட்டது. 1998-இல் டுவார்ட்டேயும் பைலும் ஆர்.என்.ஏ. அமைப்புகளை வகைப்படுத்த வெளியிட்டு, ஆர்.என்.ஏ.வின் ராமச்சந்திரன் வரைபடம் என்று இன்று பலர் குறிப்பிடும் முறை, இந்தக் கற்பனைப் பிணைப்புகளின் மேல் எழுந்தது. ராமச்சந்திரன் கிண்டியை விட்டுப் போன பிறகு கிண்டியிலேயே நடந்த வேலை இது. நம் பெருமூச்சுக் கட்டுரைகளில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை என்பதே என் குறை.

பெங்களூர்க் கிளையையும் பார்த்துவிடலாம். இந்திய அறிவியல் கழகத்தில் ராமச்சந்திரன் 1970-71-இல் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். அங்கு அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர்களுள் மஞ்சு பன்சல் ஒருவர். ஆய்வுப் பொருள் அதே கொலாஜன். பின்னர் சசிசேகரனுடன் டி.என்.ஏ.வின் வடிவ நெகிழ்ச்சியைப் பற்றி எழுதினார். அதன் பிறகு, மரபணு வாசிப்பு தொடங்கும் இடங்களை டி.என்.ஏ.வின் உறுதித்தன்மை வேறுபாட்டைக் கொண்டே அடையாளம் காணும் மென்பொருள் வரை வந்தார். எழுத்து வரிசையை மட்டும் படிக்காமல், அந்த வரிசை எப்படி வளைகிறது, எங்கே எளிதில் பிரிகிறது என்று பார்ப்பது அவர் வழி. கிண்டியில் கற்றுக்கொண்ட கண் என்றுதான் இதைச் சொல்வேன்.

2001-இல் ஐ.பி.ஏ.பி.யின் நிறுவன இயக்குநராகப் பொறுப்பேற்றவர் இதே மஞ்சு பன்சல். அடுத்து அப்பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவர் யதீந்திரா. அவருக்குப் பின் வந்த எச். எஸ். சுப்ரமண்யா, ராமச்சந்திரன் தொடங்கிய அதே மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவில் எம். ஆர். என். மூர்த்தியின் குழுவில் அகத்திச் செடி இனத்தைத் தாக்கும் ஒரு வைரஸின் அமைப்பை ஆராய்ந்தவர். 1996-இல் ஆக்ஸ்போர்டில் டேல் விக்லியின் குழுவில் டி.என்.ஏ.வை ஒட்டும் நொதி, பிரிக்கும் நொதி இரண்டின் படிக அமைப்புகளையும் வெளிக்கொணர்ந்தவர். பிறகு எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே ஆரிஜீன் மருந்தாய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். மூன்று இயக்குநர்கள், மூவரும் ராமச்சந்திரன் நிறுவிய இரண்டு துறைகளிலிருந்து வந்தவர்கள். இதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. 1986-87-இலேயே மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறை நாடு முழுதும் உயிர்த்தகவல் மையங்களின் வலையமைப்பைத் தொடங்கியபோதும், அவற்றை இயக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் படிகவியல், உயிரியற்பியல் பக்கத்திலேயே இருந்தார்கள். அந்த வலையமைப்பில் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஓர் உறுப்பு என்பது தமிழ்நாட்டில் பலர் மறந்துபோன செய்தி.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கணினித் துறை ஒன்றும் தரவில்லை என்பதன்று என் வாதம். இந்திய அறிவியல் கழகத்தின் கணினிப் பேராசிரியர்களான விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், சுவாமி மனோகர், வி. வினய் ஆகிய நால்வரும் 2000-இல் ஸ்ட்ராண்ட் ஜீனோமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள் (சிம்ப்யூட்டர் என்ற மலிவுக் கணினியை உருவாக்கியவர்களும் இவர்களே). அந்த நிறுவனமும் ஐ.பி.ஏ.பி.யும் கூட்டாக நடத்திய கணித் ஆய்வகம் எலெக்ட்ரானிக் சிட்டியில் இயங்கியது. பினய் பாண்டாவின் தலைமையில் அங்கு வேப்பமரத்தின் மரபணுத்தொகை வாசிக்கப்பட்டு 2012-இல் வெளியானது; ஏறத்தாழ 20,000 மரபணுக்கள். வேம்பின் பூஞ்சைக்கொல்லித் தன்மைக்கு ஐரோப்பாவில் வழங்கப்பட்ட காப்புரிமையை ரத்துசெய்யும் வழக்கு 2000-இலும், மேல்முறையீட்டில் 2005-இலும் வென்ற நினைவு அப்போது ஆறியிருக்கவில்லை. சில கல் தொலைவிலுள்ள பொம்மசந்திராவின் மஜும்தார் ஷா புற்றுநோய் மையத்துடன் இணைந்து, புகையிலைப் பழக்கத்தோடு நெருங்கிய தொடர்புடைய நாக்குப் புற்றுநோய்க் கட்டிகளின் மரபணு மாற்றங்களையும் அதே குழு ஆராய்ந்தது. வேகமும் கருவியும் புதியவை. வேம்பின் வேதியியலையோ சலீமுஸ்ஸமான் சித்திகி 1942-இலேயே திறந்துவைத்துவிட்டார்.

பழைய கேள்வி புதிய முகவரிக்கு வந்து சேர்வதற்கு இதைவிட நல்ல சான்று ஒரு கொசு. அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி நகர மலேரியாவைப் பரப்புவது. மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடுவது. 1937-இல் மைசூர் சமஸ்தானத்தில் மலேரியா ஆய்வில் ஈடுபட்டிருந்த ஸ்வீட், ராவ் இருவரும் இக்கொசுவின் முட்டைகளை நுண்நோக்கியில் பார்த்து, பக்கவாட்டு மிதவையிலுள்ள வரிமேடுகளை எண்ணினார்கள். மேடுகள் மிகுந்தது ஒரு வகை, குறைந்தது இன்னொன்று. குறைந்ததற்கு மைசூரன்சிஸ் என்று பெயரிட்டார்கள். மைசூரன்சிஸ் மலேரியாவை அவ்வளவாகப் பரப்புவதில்லை என்று தெரிந்தபோது அந்த எண்ணிக்கை பொதுச் சுகாதாரக் கருவியாயிற்று. இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாம் வகை 1980களில் அடையாளம் காணப்பட்டது. நகரத்து வகையோடு தொடர்புடைய குரோமோசோம் தலைகீழ்த் திருப்பம் ஒன்று 1970களிலேயே தெரிந்திருந்தாலும், அதன் இரு முனைகளும் எந்த எழுத்தில் முறிகின்றன என்று அறிய வழியிருக்கவில்லை. ஐ.பி.ஏ.பி.யின் சுபாஷினி சீனிவாசன் குழுவும் அதன் கூட்டாளிகளும் சென்னையிலிருந்து பெற்ற ஒரு வகையையும் இடைப்பட்ட வகையொன்றையும் முழுமையாக வாசித்து, அமெரிக்காவில் வாசிக்கப்பட்டிருந்த இன்னொன்றோடு ஒப்பிட்டு, 2022-இல் அந்த இடத்தைத் துல்லியமாகக் குறித்தார்கள். இதற்கிடையில் அக்கொசு கடல் கடந்துவிட்டது: 2012-இல் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டு, இன்று ஆப்பிரிக்க நகரங்களின் பெருங்கவலையாக இருக்கிறது.

நிறுவனத்தின் பிற ஆய்வுகளை விரிக்க இங்கு இடமில்லை. க்ஷிதீஷ் ஆச்சார்யா விரைகளில் இயங்கும் மரபணுக்களைப் பல ஆய்வுகளிலிருந்து திரட்டித் தரவுத்தளம் அமைத்தார். பிபா சௌத்ரி, முறிந்த டி.என்.ஏ.வைப் புற்றணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் மூலக்கூறு பற்றிய 2012-ஆம் ஆண்டுக் கூட்டாய்வில் பங்கேற்றார். எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது காயத்ரி சபர்வாலின் திசைமாற்றம். நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடுகளில் தொடங்கிய அவர், மருந்துச் சோதனைகளின் பொதுப் பதிவேடுகளையே ஆய்வுப் பொருளாக்கினார். ஒரு சோதனைக்கு யார் பொறுப்பு என்ற பெயரே பல பதிவுகளில் இல்லாமலோ குழம்பியோ இருப்பதை அமெரிக்கப் பதிவேட்டில் அவர் குழு 2019-இல் எடுத்துக்காட்டியது. பிறர் வெளியிட்ட பதிவுகளைத் திரட்டி, அவற்றுள் பொருந்தாதவற்றை ஒதுக்குவது. கொலாஜன் விவாதத்துக்குப் பின் கிண்டியில் அணுத்தொலைவுகளுக்குச் செய்ததும் இதே காரியம்தான்.

இந்த வரலாற்றை எழுத நமக்கு அச்சிட்ட கட்டுரைகள் இருக்கின்றன, கைக்கணக்குகள் இல்லை. 1960களில் கிண்டியில் ஆய்வு மாணவர்களாக இருந்தவர்கள் எண்பது வயதை ஒட்டியோ கடந்தோ இருப்பார்கள். 1955-க்கும் 1985-க்கும் இடையில் படிகவியல் துறையில் பயின்ற எவரிடமேனும், அல்லது அவர்கள் வீட்டுப் பரண்களில், கணக்குத் தாள்களோ, துளை அட்டைகளோ, சைக்ளோஸ்டைல் எடுத்த நிரல்களோ இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு படமாவது எடுத்து அனுப்புங்கள். முதலில் நான் தேடுவது அணுத்தொலைவுகளின் அந்தப் பட்டியலை.